இலுப்பை மரத்துச் சட்டைகள்

ஷாரோனுக்குக் கோபம் வந்தால் நடை வேகமாகிவிடும். உத்திரமேரூர் காலனியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏரிக்கரை மேல் அவள் விறுவிறுவென்று வருவதைப் பார்த்தால் எருமை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள்கூட ஓரமாக ஒதுங்கி, "இன்னிக்கு எவனோ மாட்னான்டா" என்று சிரித்துக்கொள்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மெதுவாகத்தான் நடந்தாள். மடித்து வைத்திருந்த பட்டுப்புடவையை எடுத்துக் கட்டியிருந்தாள். கையில் ஒயர்கூடை. அதில் வெற்றிலை, பாக்கு, மல்லிகைச் சரம், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பொட்டலம் கற்கண்டு. பக்கத்தில் தம்பி வசந்த்குமார், வெள்ளைச் சட்டையில். தம்பிக்குப் பெண் கேட்கக் கூனமலைக்குப் போகிறார்கள்.

"மொதல்ல நீங்க ரெண்டு பேரும் போயி பேசிட்டு வாங்க" என்று அப்பா தானியேல் கட்டிலில் கிடந்தபடி சொல்லியிருந்தார். அவருக்குக் கால் வீக்கம். மலை ஏற முடியாது. "ஒத்து வந்துச்சின்னா அப்பறம் பெரியவங்கள இட்டுக்கினு போலாம்."

அம்மா போனபோது வசந்த் நாலாம் வகுப்பு. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போட்டதும் முதுகில் போட்டதும் ஷாரோன்தான். இப்போது அவன் போலீஸ். ட்ரெயினிங் முடித்து லீவில் வந்திருக்கிறான். காலனியிலிருந்து காக்கி போட்ட முதல் ஆள். அந்தக் காக்கியில் பாதி தன்னுடையது என்றுதான் ஷாரோன் நினைத்திருந்தாள். ஓட்டப் பரீட்சைக்காக அவன் விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடியபோது, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மதகின் மேல் நின்றவள் அவள். கறிக்குக் கணக்குப் பார்த்த வீட்டில் அவனுக்கு மட்டும் தினமும் முட்டை அவித்தவளும் அவள்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், அப்பா வேலை பார்த்த அரிசி மில்லில் மூட்டைகள் காணாமல் போயின. பக்கத்து ஊர் ஸ்டேஷனுக்கு அப்பாவைக் கூட்டிப் போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பகல் முழுக்கத் தரையில் உட்கார வைத்தார்கள். சாப்பாடு கொண்டுபோன ஷாரோன், கிழிந்த பனியனோடு குந்தியிருந்த அப்பாவையும் மேசைக்கு அந்தப் பக்கம் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த காக்கிச் சட்டையையும் பார்த்தாள். மூட்டைகளை எடுத்தவன் மில் முதலாளியின் மச்சான் என்று பிறகு தெரிந்தது. அப்பாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நம் ஆள் ஒருத்தன் உட்கார வேண்டும் என்று அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

பஸ் வயல்களைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. தூரத்தில் கூனமலை, நனைந்த எருமை ஒன்று வயல் நடுவே படுத்து அப்படியே தூங்கிப்போனதுபோல் தெரிந்தது. பிறந்ததிலிருந்து ஏரிக்கரையில் நின்று அதைப் பார்த்திருக்கிறாள். போனதில்லை. உச்சியில் ஒரு ஊர் இருக்கிறது, சுனைமேடு என்று பெயர், நம் சனம்தான், ஆனால் ஒரு மாதிரியான ஊர் என்று சொல்வார்கள். என்ன மாதிரி என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த ஊர்ப் பெண் பிரியங்கா காஞ்சிபுரத்தில் டைப்ரைட்டிங் படிக்க வந்தபோது வசந்துக்குப் பழக்கமானாள்.

அடிவாரத்தில் பஸ் நின்றது. அதற்கு மேல் ரோடு இல்லை. பாறைகளும் முள்ளும் ஒற்றையடிப் பாதையும்தான். ஒரு பெரிய இலுப்பை மரம், அதன் கீழ் ஒரு டீக்கடை. மரத்தின் அடியில் கைக்கெட்டும் உயரத்தில் வரிசையாக ஆணிகள் அடித்திருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய டிரைவரும் கண்டக்டரும் நேரே மரத்துக்குப் போய், காக்கிச் சட்டையைக் கழற்றி ஆளுக்கொரு ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஆணியில் ஏற்கெனவே ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"அது லைன்மேனுது" என்றாள் டீக்கடைக்காரி கோவிந்தம்மாள், ஷாரோன் பார்ப்பதைப் பார்த்து. "மேல கம்பி அறுந்துபோச்சி. காத்தால ஏறினாரு."

"இன்னாத்துக்கு சட்டயக் கழட்டணும்?"

"காக்கி மேல ஏறாது இந்த மலையில. காக்கிக்கு டீயும் கெடையாது."

கண்டக்டர் சிரித்தார். "வெயில் காலத்துல பரவால்லமா. மார்கழியில வந்து பாரு, டீ கிளாஸு கையில ஆடும். அதுக்கும் இந்தம்மா எறங்கி வராது."

"நடுங்கட்டுமே, இன்னா இப்போ?" என்ற கோவிந்தம்மாள், டீயை ஆற்றியபடி வசந்தின் தலையைப் பார்த்தாள். ஒட்ட வெட்டிய தலை. "நீ ஆருப்பா? இன்னா மண்ட இப்டி கீது?"

"வேளாங்கண்ணிக்கு வேண்டுதல்மா. மொட்ட போட்டு இப்பதான் மொளச்சிக்கினு வருது" என்றான் வசந்த். "மாசிலாமணி வூட்டுக்குப் போறோம். பொண்ணு விசயமா. நான் தாலுகா ஆபீஸ்ல வேல செய்றேன்."

ஷாரோன் வாயிலிருந்த டீ மூக்கு வழியாக வந்தது.

கோவிந்தம்மாளின் முகம் மலர்ந்தது. கடைக்கு வெளியே வந்து, வாயில் கைகுவித்து மலையைப் பார்த்துக் கூவினாள். "ஊஊஊ! ரெண்டு பேரு! தாலுகா ஆபீசு! பொண்ணு கேக்கறாங்க!" கொஞ்ச நேரம் கழித்து மேலே எங்கிருந்தோ யாரோ பதில் கூவினார்கள். சேதி ஏறிவிட்டது.

ஷாரோன் தம்பியின் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னாடா இது?"

"மெதுவா பேசுக்கா."

"வேளாங்கண்ணிக்கு எப்படா மொட்ட போட்ட? மாதாவ இஸ்து வச்சிப் பொய் சொல்றியே, நாக்கு வெந்துடாது?"

"மேல இருக்கறவங்களுக்கு போலீசுன்னா ஆவாதுக்கா. எப்பவோ இன்னாவோ நடந்துச்சாம். காக்கிக்குப் பொண்ணு தர மாட்டாங்களாம். மொதல்ல பேசி முடிச்சிடலாம், பரிசம் போட்டதுக்கு அப்பறம் பதமா சொல்லிக்கலாம்னு பிரியங்காதான் சொல்லிச்சி."

"அவ சொன்னா? நீ தலையாட்டினியா?"

"உங்கிட்ட சொன்னா நீ வர மாட்டன்னுதான்…"

ஷாரோன் திரும்பி நடந்தாள். ஆனால் அதற்குள் கண்டக்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு விசில் ஊதிவிட்டார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது. இனி சாயங்காலம்தான் அடுத்த பஸ். புழுதிக்குள் நின்று அவள் யாரைத் திட்டுவது என்று யோசித்தாள். தம்பியைத் திட்டலாம். ஆனால் அதைவிட அந்த மலை ஊர்மேல்தான் எரிச்சல் பொங்கியது. ஒரு சட்டையின் நிறத்துக்கு இத்தனை ஆட்டமா? நான் முட்டை அவித்து வாங்கிய சட்டை அது. அதை ஆணியில் மாட்டச் சொல்ல இவர்கள் யார்?

"க்கா." வசந்தின் கண் கலங்கியிருந்தது. "அது இல்லன்னா எனுக்கு வேற யாரும் வாணாம்க்கா."

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் ஷாரோன். "வேணும்னா வாய மூடிக்கினு இருக்கேன். அவ்ளோதான்."

அவள் ஏறத் தொடங்கினாள். ஓட்டப் பரீட்சையில் தேறிய போலீஸ்காரன் அக்காவைப் பிடிக்க முடியாமல் மூச்சு வாங்கினான். பாறையில் செதுக்கிய படிகள் சில இடங்களில் இருந்தன, பல இடங்களில் இல்லை. தலைமேல் சிமெண்ட் மூட்டையோடு ஒரு பெண் அவர்களைத் தாண்டி ஏறிப் போனாள். மேலே கட்டப்பட்ட ஒவ்வொரு வீடும் இப்படித் தலையில்தான் ஏறியிருக்க வேண்டும். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தபோது உத்திரமேரூர் ஏரி, யாரோ வயலில் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடிபோல் மினுங்கியது. வேறொரு நாளாக இருந்தால் ஷாரோன் அங்கேயே உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பாள்.

உச்சிக்கு வந்தபோது நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஓலையும் ஓடும் காரையுமாகக் கலந்து கொஞ்சம் வீடுகள். நடுவில் பெரிய பாறை. அதன் மடியில் ஒரு சுனை, கரும்பச்சையாக, அசையாமல். பெண்ணின் தாய்மாமன் மாசிலாமணி கைகூப்பி வந்தார். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிற மனிதர். பாய் விரித்தார்கள். வெற்றிலைத் தட்டை வாங்கி வைத்தார்கள். விசிறி கொடுத்தார்கள். தண்ணீர் மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

"கொஞ்சம் குடிக்க…" என்று ஷாரோன் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"இரும்மா, கோச்சிக்காத" என்றார் மாசிலாமணி. "பொண்ணு கேட்டு வந்தவங்களுக்கு இங்க ஒரு மொற கீது. மாப்ள சுனையில எறங்கி, அவரு கையால மொண்டு, எங்க பொம்பளைங்க கையில ஊத்தணும். ஊத்தசொல்ல பேரு, நைனா பேரு, இன்னா தொழிலு, மூணும் சொல்லணும். அவளுங்க குடிச்சாதான் மத்தவங்களுக்குத் தண்ணி. எல்லாரும் வந்துடட்டும்."

"எல்லா பொம்பளைங்களுக்குமா?"

"இல்லம்மா, அந்த வருசம் இங்க இருந்தாளுங்களே, அவளுங்களுக்கு." அவர் கீழே வயல்களைக் காட்டினார். "அதோ தெரியுது பாரு தோப்பு, அதுக்கு இந்தாண்ட பூரா ஒரே குடும்பத்து நெலம். எம்பத்தி ஒண்ணுல, அறுப்புக் கூலி ஒரு மரக்கா நெல்லு சேத்துக் கேட்டோம். நெலத்துக்காரன் தர முடியாதுன்னான். நாங்க அறுக்க எறங்கல. ஒரு நாளு அவன் வைக்கப்போரு எரிஞ்சிச்சி. எவன் வச்சானோ, அவனே வச்சானோ. எங்க பேர எய்தி குடுத்துட்டான். ஆம்பளைங்க எல்லாம் பின்னால குகைங்கள்ல போயி பூந்துக்கினோம். போலீசு மேல ஏறிச்சி." அவர் சிரித்தார். "நான் தூரத்து குகையில ஜம்முனு இருந்தேன். ஒரு அடி இல்ல. கிட்ட இருந்தவனுங்கள இஸ்துக்கினு போனானுங்க. இங்க அடி வாங்குனது பூரா இவளுங்கதான். வூட்டு ஓலை ஒண்ணு பாக்கி வைக்கல. இருந்த நெல்லுல சீமெண்ண ஊத்தினானுங்க. போவசொல்ல செத்த நாய ஒண்ண சுனையில போட்டுட்டுப் போனானுங்க. இவளுங்கதான் மொண்டு மொண்டு கொட்டி, அடிப்பாறையத் தேங்கா நார் போட்டுத் தேச்சி…"

"ச்சே" என்றான் வசந்த்.

ஷாரோன் அவனைப் பார்த்தாள். பாடம் கேட்கிற பையனின் முகம். நிஜமான வருத்தம் அதில் இருந்தது. அந்த 'ச்சே'தான் அவளைச் சுட்டது. வேறு எங்கோ, வேறு யாரோ செய்ததைக் கேட்டவன்போல் சொல்கிறான். வீட்டுக் கொடியில் இவன் சட்டை, அவள் கையால் கஞ்சி போட்டது, இந்த நிமிடம் காய்ந்துகொண்டிருக்கிறது.

"அந்தக் கதய இன்னாத்துக்கு இப்போ?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பிரியங்காவின் அம்மா கங்கம்மாள். மெலிந்த, உயரமான பெண். வலது கையை முந்தானைக்குள் செருகியிருந்தாள். ஷாரோனைப் பார்த்து, "வெயில்ல ஏறினு வந்திருக்கீங்க, பாவம். தோ ஆயிடும்" என்றாள். அவளுக்குப் பின்னால் கதவோரம் பிரியங்கா நின்றாள். வசந்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். தைரியமாக இரு என்பதுபோல்.

பெண்கள் வந்தார்கள். எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல். சுனையைச் சுற்றிப் பாறையில் குந்தி, உள்ளங்கைகளைக் குவித்து வைத்துக்கொண்டார்கள். "மாப்ள வெள்ள வெளேர்னு கீறாரு, வேட்டி நனையாம எறங்கச் சொல்லு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். வசந்த் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினான். செம்பில் மொண்டான்.

"பேரு?" என்றாள் முதலில் இருந்த ராணியம்மாள்.

"வசந்த்குமாருங்க."

"நைனா பேரு?"

"தானியேலு."

"தொழிலு?"

"தாலுகா ஆபீஸ்ல வேலைங்க."

ராணியம்மாள் குடித்தாள். ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டாள். அடுத்தவள் குடித்தாள். அதற்கு அடுத்தவள். ஒவ்வொருத்திக்கும் அவன் மூன்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அது அவன் வாயில் நன்றாகப் படிந்துவந்தது. தாலுகா ஆபீஸ். தாலுகா ஆபீஸ். ஷாரோன் பல்லைக் கடித்துக்கொண்டு வாழைப்பழத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னவள் அவள்தானே.

கடைசியில் கங்கம்மாள். அவள் முந்தானையிலிருந்து வலது கையை எடுத்தாள். கட்டை விரலைத் தவிர மற்ற விரல்கள் காய்ந்த முருங்கைக்காய்போல் விறைத்து, ஆளுக்கொரு திசையில் நீட்டிக்கொண்டிருந்தன. மணிக்கட்டு திரும்பவில்லை. அந்தக் கையை இடது கையோடு சேர்த்து வைத்துக் குவிக்கப் பார்த்தாள். வசந்த் ஊற்றினான். விரல்களின் இடைவெளி வழியே தண்ணீர் மொத்தமும் பாறையில் ஓடியது.

அவன் பொறுமையாக, அன்பாகவே, குனிந்து கேட்டான். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா அத்த?"

"ஊத்தாத."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பினார்கள். ஷாரோன் எழுந்து நின்றிருந்தாள்.

"ஊத்தாதடா! அந்தக் கையில ஊத்தாத!" அவள் குரல் பாறையில் மோதித் திரும்பி வந்தது. "இவன் தாலுகா ஆபீஸும் கெடையாது, ஒரு எழவும் கெடையாது. போலீசு. ட்ரெயினிங் முடிச்சிட்டு வந்து நிக்கறான். வேளாங்கண்ணிக்கு மொட்டயும் போடல. ட்ரெயினிங்ல வெட்டிவுட்ட தலை அது."

சுனையில் செம்பு விழுந்த சத்தம் கேட்டது. ராணியம்மாள் குடித்த தண்ணீரைத் துப்ப முயன்று, முடியாமல் இருமினாள். மாசிலாமணியின் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்படி அணைவது என்று தெரியாததுபோல் அப்படியே நின்றது.

கங்கம்மாள் ஷாரோனைப் பார்க்கவில்லை. வசந்தையும் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் பிரியங்கா. கதவை விட்டு வெளியே வந்தாள். பயந்தவள்போல் இல்லை. அவளுக்கும் கோபம்தான். "நான்தான் அப்டி சொல்லச் சொன்னேன். இன்னா இப்போ? நீங்க அடி வாங்கினப்போ அவரு தொட்டில்ல இருந்தாரு. அவரு இன்னா பண்ணாரு? எவ்ளோ நாளைக்கிதான் சட்ட கலர பாத்துக்கினு இருப்பீங்க? நம்ம சனத்துல ஒருத்தரு அந்த வேலைக்கிப் போயிருக்காரு. நல்லதுன்னு ஒருத்தருக்காவது தோணுதா?"

ஷாரோனுக்குத் தன் வாயிலிருந்து வந்ததுபோல் இருந்தது அந்தப் பேச்சு. காலையில் அடிவாரத்தில் அவளும் இதைத்தான் நினைத்தாள். அதற்காகவே இப்போது அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

"போலீசுன்றதுக்கு இல்லடி" என்றாள் கங்கம்மாள். சத்தம் போடாமல்தான் பேசினாள். பேசப் பேசத்தான் குரல் ஏறியது. "உங்களுக்கெல்லாம் மாமன் சொன்ன கததான் தெரியும். அது தூரத்து குகையில இருந்துச்சி, அதுக்கு இன்னா தெரியும்? அன்னிக்கு அவனுங்க காக்கியில வரலடி. மொதல்ல ரெண்டே ரெண்டு பேரு வந்தானுங்க. வேட்டி, தோள்ல துண்டு. கையில வெத்தல பாக்கு. ரெண்டு பேருக்கும் ஒட்ட வெட்டின மண்ட. இன்னாய்யா இதுன்னு கேட்டேன். திருப்பதிக்கு வேண்டுதல்னான்."

பிரியங்கா திரும்பி வசந்தின் தலையைப் பார்த்தாள்.

"பொண்ணு கேட்டு வந்திருக்கோம் தாயி, தாகமா கீது, தண்ணி குடுன்னான். இதே சுனை. நான்தான் மொண்டு ஊத்தினேன். குடிச்சிட்டு, ஆம்பளைங்க இல்லாம எப்டி தாயி பொண்ணு பேச்சு பேசறதுன்னு கேட்டான். நாயந்தானேன்னு நாங்களே கூவினோம். நல்ல சேதி, எறங்கி வாங்கன்னு கூவினோம். குகையில பட்டினி கெடந்தவனுங்க, வேட்டிய ஒதறிக் கட்டிக்கினு சிரிச்சிக்கினே வந்தானுங்கடி, உங்க நைனா மொதல் ஆளு. அதுக்கப்பறம்தான் பாறைக்குப் பின்னால இருந்து காக்கி எந்திரிச்சிச்சி. உங்க நைனாவ இஸ்துக்கினு போவசொல்ல நான் குறுக்கப் படுத்தேன். தண்ணி குடிச்சானே, அவன்தான் மிதிச்சான். தண்ணி ஊத்துன கைய."

கீழே எங்கோ ஒரு ஆடு கத்தியது.

"மரத்துல ஆணி அடிச்சது எவனையும் அசிங்கப்படுத்தறதுக்கு இல்ல. நீ யாருன்னு கீழயே காட்டிட்டு ஏறி வா. அவ்ளோதான். போஸ்ட்மேன் வரல? லைன்மேன் வரல? தோ, கம்பத்து மேல குந்திக்கினு கீறாரே, நாங்க சோறு போடல? இவன் அந்தச் சட்டயக் கழட்டி மாட்டிட்டு, நான் போலீசு, பொண்ணு கேட்டு வந்திருக்கேன்னு வந்திருந்தா, நான் காறித் துப்பியிருப்பேன், சண்ட போட்டிருப்பேன், ஒரு மாசம் அழுதிருப்பேன். அப்பறம் குடுத்தும் இருப்பேன். திருட்டுத்தனமா வந்து தண்ணி ஊத்தறாம்பாரு…" அவள் வசந்தை முதல்முறையாகப் பார்த்தாள். "அத்தன்னு வேற கூப்ட்ற."

வசந்த் தண்ணீரில் முழங்கால் அளவு நின்றுகொண்டிருந்தான். "தெரியாதுங்க" என்றான். "சத்தியமா இதெல்லாம் எனுக்குத் தெரியாது."

"எறங்கிப் போ."

அவன் சுனையைவிட்டு ஏறி, யார் முகத்தையும் பார்க்காமல் படிகளின் பக்கம் நடந்தான். ஷாரோன் கூடையை எடுத்தாள். தட்டிலிருந்த வெற்றிலையைத் திரும்ப எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் தட்டின் முன்னால் நின்றாள். கங்கம்மாள் குனிந்து, தண்ணீருக்குள் கிடந்த செம்பை இடது கையால் எடுத்து, மண் போட்டுத் தேய்த்துக் கழுவி, மொண்டு நீட்டினாள்.

"நீ குடிச்சிட்டுப் போ."

ஷாரோனுக்குத் தொண்டை பற்றி எரிந்தது. வாங்கிக் குடித்தாள். குளிர்ந்த, லேசான துவர்ப்புள்ள தண்ணீர். நன்றி சொல்ல நினைத்தாள். அதற்குப் பதிலாக, "எங்க நைனாவையும் ஸ்டேஷன்ல சட்டயக் கழட்ட வச்சானுங்க" என்று வந்தது.

"அப்பறம் இன்னாத்துக்குத் தம்பிய அங்க அனுப்பின?"

"அதனாலதான்" என்றாள் ஷாரோன்.

கங்கம்மாள் காலிச் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வேகமாக நடக்கத்தான் கால் துடித்தது. ஆனால் பாறைகள் விடவில்லை. ஒவ்வொரு படிக்கும் நின்று, கை ஊன்றி, கால் வைக்க வேண்டியிருந்தது. கோபத்தைக் காலில் இறக்க முடியாமல் அது நெஞ்சிலேயே கிடந்து கொதித்தது. முன்னால் போன வசந்த் இரண்டு முறை நின்று, அக்காவுக்குக் கை நீட்டினான். இரண்டு முறையும் அவள் கண்டுகொள்ளவில்லை.

"நீ வாய மூடிக்கினு இருக்கேன்னு சொன்ன" என்றான் அவன்.

"ஆமாண்டா. சொன்னேன்."

"என் வாய்க்கைய கெடுத்துட்டக்கா."

"பேசாத. தள்ளி வுட்டுடுவேன்."

அடிவாரத்துக்குச் சற்று மேலே, பின்னால் கல் உருளும் சத்தம் கேட்டது. பிரியங்கா ஓடி வந்துகொண்டிருந்தாள், செருப்பில்லாமல், முகமெல்லாம் ஈரமாக. அவள் கையில் பை ஏதும் இருக்கிறதா என்று ஷாரோன் பார்த்தாள். ஓடிப்போகலாம் என்று வந்திருக்கிறாளோ?

பிரியங்கா வசந்தின் முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"எனுக்கு அது தெரியாது. எங்கம்மா ஒரு நாளும் சொன்னதில்ல. தெரிஞ்சிருந்தா உங்கள அப்டி சொல்லச் சொல்லியிருக்க மாட்டேன்."

"நீ இன்னா பண்ணுவ பிரியா…"

"கேளுங்க. அடுத்த ஞாயித்துக்கெயம யூனிபாரத்துல வாங்க. தோ, அந்த மரத்தாண்ட எல்லாரும் பாக்கக் கழட்டி மாட்டுங்க. கோயிந்தம்மா அத்தகிட்ட நான் போலீசுன்னு நீங்களே சொல்லுங்க, அது மேல கூவட்டும். பனியனோட ஏறி வந்து மறுபடி ஊத்துங்க. எங்கம்மா திட்டும். நானும் பக்கத்துல நின்னு வாங்கிக்கறேன். வருவீங்களா?"

ஷாரோன் தம்பியைப் பார்த்தாள். சொல்லுடா என்று மனசுக்குள் கத்தினாள். காலையிலிருந்து கட்டிக்கொண்டிருந்த கோபம் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்காகக் கரைந்துபோகத் தயாராக இருந்தது. வரேன்னு சொல்லுடா.

வசந்த் மரத்தைப் பார்த்தான். ஆணிகளைப் பார்த்தான். லைன்மேன் சட்டை இன்னும் அங்கேதான் இருந்தது, காற்றில் ஒரு கை மட்டும் ஆடியபடி.

"யூனிபாரத்த மரத்துல மாட்டினு பனியனோட நின்னேன்னு டிபார்ட்மெண்ட்டுக்குத் தெரிஞ்சா?" என்றான். "புதுசா சேந்தவன் நான். இன்ஸ்பெக்டர் காதுக்குப் போச்சின்னா… அதுவும் இந்த ஊர்ல. நீ கொஞ்ச நாள் பொறுத்துக்க. உங்கம்மா கோவம் கொறையட்டும். நான் வேற எப்டியாவது…"

"வேற எப்டி?"

அவன் குனிந்து வேட்டியின் ஈர ஓரத்தைப் பிழிந்தான்.

பிரியங்கா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஷாரோனின் பக்கம் திரும்பி, "வரேங்க்கா" என்றாள். வந்ததைவிட மெதுவாக ஏறிப் போனாள். அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று வசந்த் நின்றுகொண்டிருந்தான். அவள் பார்க்கவில்லை.

மரத்தடியில் கோவிந்தம்மாள் எதுவும் கேட்கவில்லை. மேலிருந்து சேதி இறங்கிவிட்டது போலும். ஷாரோனுக்கு மட்டும் ஒரு டீ வைத்தாள். பஸ் வந்தது. காலையில் வந்த அதே டிரைவர், கண்டக்டர். சட்டையைக் கழற்றி மாட்டினார்கள், டீ குடித்தார்கள், மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான். அதில் அவர்களுக்கு எதுவும் குறைந்துபோனதாகத் தெரியவில்லை. கண்டக்டர் பித்தானைப் போட்டபடியே ஏதோ பாட்டைச் சீட்டியடித்தார்.

அடிவாரத்துச் சனம் ஏறி, பஸ் பாதி நிறைந்துவிட்டது. வசந்த் பின்னால் ஒரு சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தை அக்காவுக்காகக் கைவைத்துப் பிடித்திருந்தான். ஷாரோன் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் வந்தார். "இன்னாமா, போன காரியம் காயா பயமா? உத்திரமேரூர் ரெண்டா?"

"எனுக்கு ஒண்ணு" என்றாள் ஷாரோன்.

"தம்பிக்கு?"

அவள் எழுந்து திரும்பி நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி, சன்னலுக்கு வெளியே டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கோவிந்தம்மாளுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அவரு போலீசு. அவருக்கு டிக்கெட் வேணுமா வாணாமான்னு அவரையே கேளு."

பேச்சுகள் நின்றன. ஒவ்வொரு தலையாகப் பின்பக்கம் திரும்பியது. வசந்தின் கை தானாக மேலே போய், ஒட்ட வெட்டிய தன் தலையை மூடிக்கொண்டது.